விளாத்திகுளம் பருத்தியும் உலகம் சுற்றிய ஒரு குட்டி அந்துப்பூச்சியும்

எங்க ஊர் கரிசல் காட்டில் பருத்தி எடுக்கும்போது சொத்தைக் காயைப் பிளந்து பார்த்திருக்கிறீர்களா? உள்ளே ரோஸ் கலரில் ஒரு புழு நெளியும். இளஞ்சிவப்புக் காய்ப்புழு. அது வளர்ந்து ஆகும் அந்துப்பூச்சி விரல் நகம் அளவுதான், சாம்பல் கலந்த பழுப்பு நிறம். விளக்கடியில் கிடந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஆனால் இதன் சரித்திரம் பெரிசு நண்பர்களே!

குஜராத்தின் புரோச் (இப்போது பரூச்) பருத்தியில் கிடைத்த பூச்சிகளை வைத்து, 1843ல் சாண்டர்ஸ் என்ற ஆங்கிலேயர் இதற்கு அறிவியல் பெயர் வைத்தார். நம்ம பக்கத்துப் பூச்சி என்பதுதான் பெரும்பாலானோர் கருத்து. அப்புறம் எப்படிக் கடல் தாண்டியது? பறந்து அல்ல. புழு இரண்டு பருத்தி விதைகளை நூலால் ஒட்டி, நடுவில் மாதக்கணக்கில் தூங்கும். விதை மூட்டை போகும் இடமெல்லாம் இதுவும் போகும், டிக்கெட் இல்லாமல் :-) இந்திய விதையோடு 1900களின் தொடக்கத்தில் எகிப்து, எகிப்து விதையோடு 1911ல் மெக்சிகோ, 1917ல் டெக்சாஸ்.

இங்கே 2002ல் பி.டி. பருத்தி வந்ததும் தொல்லை தீர்ந்தது என்றார்கள். 2010லேயே குஜராத்தில் புழு அதைத் தின்று பிழைத்தது தெரியவந்தது. இரண்டு மரபணு வைத்த அடுத்த ரகத்தையும் சில வருடங்களில் ஜெயித்துவிட்டது. வயல் ஓரத்தில் சாதாரணப் பருத்தியும் நட வேண்டும் என்ற விதியை நம் நாட்டில் பெரும்பாலானோர் கண்டுகொள்ளவில்லை. நீண்ட நாள் நிற்கும் வீரிய ரகங்கள் வேறு, புழுவுக்குத் தீனி தீரவே இல்லை. அமெரிக்காவிலோ மலட்டுப் பூச்சிகளைப் பறக்கவிட்டு, பி.டி.யையும் கட்டுப்பாட்டோடு பயிரிட்டு, 2018ல் ஒழித்துவிட்டதாக அறிவித்தார்கள். பூச்சி ஒன்றுதான், முடிவு வேறு! விவசாயியை மட்டும் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. காணி நிலம் வைத்திருப்பவர் அதில் ஒரு பங்கை புழுவுக்கு எழுதிவைப்பாரா?

கரிசல் மானாவாரியில் ஐப்பசி மழைக்கு விதைத்து, கோடையில் செடியைப் பிடுங்கிவிடுவார்கள். இடையில் சில மாதம் காட்டில் பருத்தியே இருக்காது, பூச்சி பட்டினி. பிடுங்கிய பருத்திமார் அடுப்புக்கு. அதை எரிக்காமல் வீட்டோரம் அடுக்கினால் மட்டும் ஆபத்து. அதில் ஒட்டியிருக்கும் காய்ந்த காய்க்குள் புழு அடுத்த மழை வரை தூங்கும். கேஸ் அடுப்பு வந்த பிறகு அந்த அடுக்குகள்தான் கரையாமல் நிற்கின்றன.