கட்டபொம்மன் வசனமும் கலெக்டர் என்ற சொல்லும்

கலெக்டர் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நேர்ப்பொருள் வசூலிப்பவர். இன்று மனு கொடுக்கப் போகும் இடமாகிவிட்டதால் பலர் இதை யோசிப்பதில்லை. 1959ல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தில் ஜாக்சன் துரையிடம் சிவாஜி வரி, வட்டி, கிஸ்தி என்று பொரிந்து தள்ளுவாரே, அந்தக் காட்சியைப் பார்த்தால் போதும், பொருள் விளங்கிவிடும். வசனம் சக்தி டி.கே.கிருஷ்ணசாமி.

கிஸ்தியும் தமிழ்ச்சொல் அல்ல. அரபியில் பிறந்தது, தவணை என்று பொருள். பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கும் உரிமையை ஆற்காட்டு நவாப் 1792 உடன்படிக்கையில் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். அந்த வசூலுக்கு வந்தவர்தான் ஜாக்சன்.

1798ல் இராமநாதபுரத்தில் இருவரும் சந்தித்ததும், அங்கே மோதல் நடந்ததும் உண்மை. வசனம் மட்டும்தான் சினிமா! ஜாக்சனுக்குப் பதவி போயிற்று. அடுத்த கலெக்டர் லூஷிங்டன் காலத்தில், 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள்.