இரு சூரியோதயம் கண்ட பயணம்

இரு ஊர்களுக்கு இடையேயுள்ள தொலைவு மாறுவதில்லை. அதைக் கடக்கும் காலமே மாறுகிறது. அக்காலத்தின் அளவு எந்திரத்தின் ஆற்றலை மட்டுமன்று, உலகின் நிலையையும் உணர்த்திவிடும். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்கும் இலங்கையின் கொக்கலைக்கும் இடையே நிகழ்ந்த வான்பயணங்களின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குச் சென்றது. இடையிடையே இறங்கி எண்ணெய் நிரப்பிக்கொண்டு ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் சென்ற வான்வழி அறுபட்டது. எஞ்சியது, இந்துமாக்கடலின் மேல் ஒரே மூச்சில் பறந்துவிடும் வழிதான். 1943இன் நடுவில் குவாண்டாஸ் நிறுவனத்தார் அதற்குத் துணிந்தனர்.

பெர்த்தில் ஸ்வான் ஆறும், காலி நகரை அடுத்த கொக்கலை ஏரியுமே நிலையங்கள். நீரில் இறங்கவல்ல கத்தலீனா விமானங்கள் ஏறத்தாழ 5,650 கிலோமீட்டர் தொலைவை மணிக்கு 200 கிலோமீட்டர் அளவில் கடந்தன. காற்றின் போக்கிற்கேற்ப 27 மணி முதல் 32 மணிக்கும் மேலாகப் பயணம் நீண்டது. சுமையில் பெரும்பங்கை எரிபொருளே கொண்டமையால், மூன்று பயணிகளுக்கும் 69 கிலோ அஞ்சலுக்குமே இடமிருந்தது. ஒரே பயணத்தில் இருமுறை சூரியன் உதிக்கக் கண்டோர்க்கு ‘இரட்டைச் சூரியோதய அணி’ என்ற பெயரில் நற்சான்றிதழும் வழங்கப்பட்டது.

பகைவர் செவியில் விழாதிருக்க, வானொலி பேசாதிருந்தது. விண்மீன்களை அளந்தே மாலுமிகள் வழி கண்டனர். ஐந்து விமானங்களும் அவ்விண்மீன்களின் பெயர்களையே தாங்கின: அல்தாயர், வேகா, ரைகல், அந்தாரிஸ், ஸ்பைகா.

இவற்றுள் முதல் மூன்றும் அரபு மொழி ஈன்ற பெயர்கள் என்பதை நம் வாசகர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். ‘பறக்கும் கழுகு’ எனப் பொருள்படும் ‘அந்நஸ்ருத் தாயிர்’ அல்தாயர் ஆயிற்று. ‘இறங்கும் கழுகு’ எனப் பொருள்படும் ‘அந்நஸ்ருல் வாகிஃ’ என்பதன் இறுதிச் சொல்லே வேகா ஆயிற்று. கால் எனப் பொருள்படும் ‘ரிஜ்ல்’ ரைகல் ஆயிற்று. பத்தாம் நூற்றாண்டில் இஸ்பஹானில் வாழ்ந்த அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி போன்ற அறிஞர்கள் நிலைவிண்மீன்களை ஆராய்ந்து நூலெழுதி வைத்தனர். அரபுப் பெயர்கள் இலத்தீன் ஏடுகளில் ஏறி, மாலுமிகளின் அட்டவணைகளில் நிலைத்து, ஆயிரம் ஆண்டுகள் கழிந்தும் இந்துமாக்கடலின் மேல் பறந்தன.

1945 ஜூலையில் அப்பணி நிறைவுற்றது. 271 முறை கடல் கடந்தும் ஒரு விமானமேனும் தொலையவில்லை. ஆயினும் கடன்-குத்தகை ஒப்பந்தத்தின்படி, போர் முடிந்தபின் ஐந்தும் கடலில் மூழ்கடிக்கப்பட்டன. பகைவராலும் புயலாலும் ஆகாததை ஓர் ஏட்டின் விதி செய்து முடித்தது.

2018 மார்ச்சில் பெர்த்திலிருந்து இலண்டனுக்கு இடைநில்லா விமானச் சேவை தொடங்கிற்று. 14,500 கிலோமீட்டரை அது ஏறத்தாழ 17 மணியில் கடந்தது. இவ்வேகத்தில் கொக்கலையின் தொலைவு ஏழு மணிப் பயணமே. காலம் சுருங்கிவிட்டது. ஆயினும், முப்பது மணி நேரம் இருளிலும் ஒளியிலும் வழி தவறாது பறந்தவர்களுக்குக் கைகொடுத்த அறிவு ஒரு நாட்டினது அன்று. ஒரு நூற்றாண்டினதும் அன்று.