வட்டத்திலிருந்து வரிசைக்கு: நொடித்துப்போன வாடிக்கையாளரும் சரக்குக் கடன் கொடுத்தவரும்

திருப்பூரில் நூல் கொடுத்தவரும், சிவகாசியில் அச்சடித்துக் கொடுத்தவரும், ஈரோட்டு மண்டியில் மஞ்சள் பிடித்துக் கொடுத்தவரும் பயப்படுகிற செய்தி ஒன்றுதான்: “பார்ட்டி ஐ.பி. கொடுத்துட்டாரு.” ஐ.பி. என்றால் நொடிப்பு மனு; மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார் என்று ஊரும் பேசத் தொடங்கிவிடும். வங்கியிடம் அடமானப் பத்திரம் இருக்கிறது. அரசுக்குச் சட்டமே முன்னுரிமை கொடுத்திருக்கிறது. வெறும் பில்லும் பேரேட்டுப் பதிவும் வைத்திருப்பவருக்கு என்ன இருக்கிறது? சென்னை மாகாணத்திலும் அதற்குப் பிந்திய தமிழ்நாட்டிலும் நொடிப்புச் சட்டம் வளர்ந்த வரலாற்றை இந்தக் கேள்வியை வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். பணமாகக் கடன் கொடுத்தவரும் சரக்காகக் கடன் கொடுத்தவரும் பிணையில்லாத நிலையில் ஏறத்தாழ 200 ஆண்டுகள் ஒரே வரிசையில்தான் நின்றார்கள். அவர்களை இரண்டாகப் பிரித்தது 2016ஆம் ஆண்டுச் சட்டம். அந்தப் பிரிவினை நியாயமானதா என்பதில் எனக்கு ஐயம் உண்டு.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, மாபார் என்று அவர் அழைத்த அந்த நாட்டின் கடன் வழக்கம் ஒன்றைக் குறித்து வைத்திருக்கிறார். பலமுறை தவணை சொல்லி ஏமாற்றிய கடனாளியைக் கடன் கொடுத்தவர் வழிமறித்து, அவரைச் சுற்றித் தரையில் ஒரு வட்டம் கீறிவிடுவார். கடனைத் தீர்க்காமலோ ஈடு காட்டாமலோ வட்டத்தைத் தாண்டுவது பெருங்குற்றம். குதிரையில் வந்த அரசனையே அயல்நாட்டு வணிகர் ஒருவர் இப்படி மறித்ததாகவும், பாக்கி தீரும்வரை அரசன் நகரவில்லை என்றும், அதைத் தாமே பார்த்ததாகவும் அவர் எழுதுகிறார். கதையில் மிகை இருக்கலாம். ஆனால் முறை தெளிவாகத் தெரிகிறது. வசூல் என்பது கடன் கொடுத்தவர் தனி ஆளாகச் செய்கிற காரியம். முதலில் வட்டம் கீறியவருக்குப் பணம் கிடைக்கும். இரண்டாவதாக வருபவர் கடனாளியிடம் என்ன மிச்சம் என்று பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

இந்த ஓட்டப்பந்தயத்தை நிறுத்துவதுதான் எந்த நொடிப்புச் சட்டத்துக்கும் முதல் வேலை. பிரிட்டிஷ் ஆட்சி தனி ஆளின் கையைக் கட்டியது. கடனாளியின் வாசலில் உட்கார்ந்து தெய்வக் குற்றம் வரும் என்று மிரட்டுகிற தர்ணாவை 1860ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டம் 508ஆம் பிரிவின்கீழ் ஓர் எடுத்துக்காட்டாகவே எழுதிக் குற்றமாக்கியது. அதற்கு முன்பே, 1828இல், பிரிட்டிஷ் நாடாளுமன்றம் கல்கத்தா, சென்னை, பம்பாய் ஆகிய மூன்று நகரங்களிலும் நொடித்த கடனாளிகளுக்கென நீதிமன்றங்களை ஏற்படுத்தியிருந்தது. 1848இல் இன்னும் விரிவான சட்டம் வந்தது. இரண்டுமே நகர எல்லைக்குள் மட்டும் செல்லுபடியானவை. கடல் வாணிகம் செய்த கம்பெனிகளையும் அவற்றோடு வரவுசெலவு வைத்திருந்தவர்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

மதுரை, சேலம் போன்ற வெளியூர்களில் நிலைமை வேறு. அங்கே நொடிப்பு என்பது சிவில் நடைமுறைச் சட்டத்துக்குள் ஓர் அத்தியாயமாக மட்டுமே இருந்தது. தீர்ப்பு வாங்கிய கடன்தாரர் கடனாளியைக் கைது செய்து சிவில் சிறையில் அடைக்கலாம். ஆனால் சிறையில் அவருக்கான சாப்பாட்டுப் படியைக் கடன்தாரரே முன்பணமாகக் கட்ட வேண்டும். கட்டத் தவறினால் கடனாளி வெளியே வந்துவிடுவார். வராத பாக்கிக்காக மேலும் கையிலிருந்து செலவழிப்பதா என்று கணக்குப் பார்க்க வேண்டிய இடம் அது. இந்தப் படிக் காசு இன்றைய சட்டத்திலும் இருக்கிறது என்றாலும், 1980இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், கொடுக்க வழியில்லாதவரை வெறும் கடனுக்காகச் சிறையில் தள்ளக் கூடாது என்று சொன்ன பிறகு அதன் பயன்பாடு சுருங்கிவிட்டது.

சென்னைக்கு நொடிப்பு என்றால் என்ன என்று காட்டிய ஆண்டு 1906. பாரி, பின்னி, அர்பத்நாட் என்ற மூன்று பெரிய கம்பெனிகளை நம்பித்தான் அன்றைய நகரத்தின் வாணிகம் நடந்தது. இவற்றில் அர்பத்நாட் கம்பெனி வாணிகத்தோடு வங்கித் தொழிலும் செய்தது. ஓய்வுபெற்ற அதிகாரிகள், விதவைகள், நிலக்கிழார்கள் எனப் பலரும் சேமிப்பை அங்கே போட்டிருந்தார்கள். லண்டனில் அதன் கூட்டாளியாக இருந்த மக்ஃபேடியன் ஊகப் பேரங்களில் பெரும் நட்டமடைந்து, அக்டோபர் 20ஆம் தேதி ரயில் முன் விழுந்து உயிரை விட்டார். அக்டோபர் 22, திங்கட்கிழமை, சென்னையில் கம்பெனி கதவைச் சாத்தி நொடிப்பு மனு கொடுத்தது. கடன்தாரர்கள் ஆயிரக்கணக்கானவர்கள். கம்பெனியின் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்குப் பின்னர் 18 மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. வெள்ளைக்கார முதலாளி ஒருவர் கடன் விவகாரத்தில் சிறைக்குப் போனது நகரத்துக்குப் புதிது. பின்னியும் அதே ஆண்டில் ஆட்டங்கண்டு, பிரிட்டிஷ் வணிகர் இஞ்ச்கேப்பின் கைக்குப் போய்ப் பிழைத்தது.

கடன்தாரர்களுக்காக வாதாடிய வி. கிருஷ்ணசாமி ஐயர், உள்ளூர் மூலதனத்தில் ஒரு வங்கி வேண்டும் என்று முயன்று 1907இல் இந்தியன் வங்கியை உருவாக்கினார். இது எல்லோரும் சொல்கிற பகுதி. நமக்கு வேண்டியது வழக்கின் இன்னொரு பக்கம். கம்பெனியின் சொத்து முழுவதும் உயர் நீதிமன்றத்தின் அஃபிஷியல் அசைனி என்ற அதிகாரியின் கைக்குப் போனது. அதன்பின் தனியாக யாரும் ஜப்தி செய்ய முடியாது. பிணை இல்லாதவர்களில் வைப்புத்தொகை போட்டவர், உண்டியல் வைத்திருந்தவர், சரக்கு அனுப்பியவர் என்ற பேதம் கிடையாது. எல்லோரும் கடனை மெய்ப்பித்துவிட்டு, வசூலாவதில் ரூபாய்க்கு இத்தனை அணா என்று விகிதப்படி வாங்கிக்கொள்ள வேண்டியவர்கள். வட்டம் போய் வரிசை வந்துவிட்டது. நீளமான, மெதுவாக நகர்கிற வரிசைதான்; ஆனாலும் அதில் ஒரு சமத்துவம் இருந்தது.

வெளியூர்களுக்கென 1907இல் மாகாண நொடிப்புச் சட்டமும், மூன்று தலைநகரங்களுக்கென 1909இல் தனிச் சட்டமும் இயற்றப்பட்டன. முன்னது திருத்தி எழுதப்பட்டு 1920இல் இன்றைய வடிவம் பெற்றது. இந்த 1920ஆம் ஆண்டுச் சட்டத்தைப் படிக்கும்போது, எழுதியவர்களுக்குக் கடைத்தெரு தெரிந்திருந்தது என்று தோன்றும். ஒருவர் நொடித்தவர் என்று நீதிமன்றத்தை நாடக் கடன் 500 ரூபாய் இருந்தால் போதும். கடன்தாரரே மனு கொடுக்கலாம். அதற்கு, கடனாளி ‘நொடிப்புச் செயல்’ ஒன்றைச் செய்திருக்க வேண்டும். கடன்தாரர்களைத் தவிர்க்க வீட்டை விட்டுப் போவது அதில் ஒன்று. இனிப் பணம் கொடுக்கப்போவதில்லை என்று கடன்தாரர் ஒருவருக்கேனும் அறிவிப்பது இன்னொன்று. செயல் நடந்த மூன்று மாதத்துக்குள் மனு கொடுத்துவிட வேண்டும். வாடிக்கையாளர் போனை எடுக்காமல் போன நாளைக் குறித்து வைக்கிற பழக்கத்துக்கு ஒரு சட்டப் பயன் இருக்கிறது என்றுகூடச் சொல்லலாம்.

சரக்குக் கடன் கொடுத்தவருக்கு உதவுகிற பிரிவுகளும் அதே சட்டத்தில் உண்டு. மனுவுக்கு முந்திய இரண்டு ஆண்டுகளுக்குள் மனைவி பேரிலோ மைத்துனர் பேரிலோ விலை வாங்காமல் மாற்றிய சொத்தை, நொடித்தவரின் சொத்தைப் பொறுப்பேற்கும் அஃபிஷியல் ரிசீவர் மீட்கலாம். கணக்குப் புத்தகம் ஒழுங்காக வைக்காதவருக்கும், சொத்து மதிப்பு பிணையில்லாக் கடனில் ரூபாய்க்கு எட்டணாகூடத் தேறாதவருக்கும் கடனிலிருந்து முழு விடுதலையை நீதிமன்றம் மறுக்க வேண்டும். அந்தக் குறைவு தம் கட்டுப்பாட்டுக்கு மீறியது என்று காட்டும் பொறுப்பு கடனாளியுடையது. விடுதலை கிடைக்காத நொடித்தவர் சட்டமன்றத்துக்கோ நாடாளுமன்றத்துக்கோ போக முடியாது என்று அரசமைப்புச் சட்டமும் பிற்பாடு சேர்த்துக்கொண்டது.

இதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது. நொடியப்போகிறார் என்று மோப்பம் பிடித்து ஓடிப்போய்ப் பாதியை வசூலித்த வியாபாரியைத் தெரு மெச்சும். சட்டம் மெச்சாது. மற்றவரைவிட ஒருவருக்குச் சலுகை காட்டும் எண்ணத்தோடு மனுவுக்கு முந்திய மூன்று மாதத்தில் கொடுத்த பணத்தை ரிசீவர் திரும்பக் கேட்கலாம். கடனை மெய்ப்பிப்பதும் எளிமையாகவே வைக்கப்பட்டிருந்தது: உறுதிமொழிப் பத்திரம் ஒன்றை எழுதிப் பதிவுத் தபாலில் நீதிமன்றத்துக்கு அனுப்பினால் போதும். அனுப்பாதவர் அட்டவணையில் ஏறமாட்டார், பங்கும் பெறமாட்டார். “இனி என்ன வரப்போகுது” என்று விட்டுவிட்டவர்களின் பங்கு, அந்தத் தபால் செலவைச் செய்தவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

நீதிமன்றத்துக்கு வெளியே கடைத்தெருவும் தன் வழியைக் கண்டுபிடித்திருந்தது. பெரிய கடன்தாரர்கள் நாலைந்து பேர் கூடி, ஐந்தொகையைப் பார்த்து, ரூபாய்க்கு ஆறணா, எட்டணா என்று பேசி முடிப்பார்கள். சட்டத்துக்குள்ளும் அதற்கு இடம் இருந்தது. கடனை மெய்ப்பித்தவர்களில் எண்ணிக்கையில் பாதிக்கு மேலும், தொகையில் முக்கால் பங்கும் சம்மதித்தால் நீதிமன்றம் அந்த உடன்பாட்டை ஏற்கலாம். கவனிக்க வேண்டியது, இந்த வாக்குரிமை நூல் கொடுத்தவருக்கும் இருந்தது.

கம்பெனிகளுக்கு வேறு பாதை. 1956ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தில், 500 ரூபாய்க்கு மேல் பாக்கி வைத்த கம்பெனிக்கு நோட்டீஸ் விட்டு மூன்று வாரம் பொறுத்து, கலைக்கச் சொல்லி உயர் நீதிமன்றம் போக முடிந்தது. சரக்குக் கடன் கொடுத்த பலர் இதை வசூல் கருவியாகவே கையாண்டார்கள். 1985இல் வந்த நலிந்த தொழில் நிறுவனச் சட்டம் அதை மழுங்கடித்தது. அதன்கீழ் அமைந்த நலிவு வாரியத்துக்குள் போய்விட்ட கம்பெனிமீது வாரிய அனுமதி இல்லாமல் வழக்குப் போட முடியவில்லை. ஆண்டுக்கணக்கில் உள்ளேயே இருந்த ஆலைகள் உண்டு. வங்கிகளுக்கு 1993இல் கடன் மீட்புத் தீர்ப்பாயமும் 2002இல் நேரடியாகச் சொத்தைக் கைப்பற்றும் அதிகாரமும் கிடைத்தன. சிறு தொழிலுக்கு 2006இல் ஒரு சட்டம் வந்தது: 45 நாளுக்குள் பணம் தராவிட்டால் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. வட்டி விகிதம் எவ்வளவு உயர்ந்தாலும், கொடுக்க ஆள் இருந்தால்தானே.

2016ஆம் ஆண்டு நொடிப்பு மற்றும் திவால் சட்டத்தில்தான் வரிசை இரண்டாகப் பிளந்தது. பணம் கொடுத்தவர் நிதிக் கடன்தாரர். சரக்கோ சேவையோ கொடுத்தவர் செயல்பாட்டுக் கடன்தாரர். கம்பெனியைப் பிழைக்க வைப்பதா, யாரிடம் கொடுப்பது, யாருக்கு எவ்வளவு என்று முடிவு செய்யும் குழுவில் நிதிக் கடன்தாரருக்கு மட்டுமே வாக்கு. செயல்பாட்டுக் கடன்தாரர்களின் மொத்தப் பாக்கி கடனில் 10 சதவீதத்தைத் தொட்டால் அவர்களின் பிரதிநிதி கூட்டத்தில் உட்காரலாம். கை தூக்க முடியாது. கலைப்பு என்று வந்தால் வங்கி, தொழிலாளர், ஊழியர், பிணையில்லா நிதிக் கடன்தாரர், அரசு எல்லாம் போன பிறகுதான் அவர்கள் முறை. 1906இல் ஒரே படியில் நின்ற வைப்பாளரும் சரக்குக்காரரும் இன்று வெவ்வேறு படிகளில்.

2019 ஜனவரியில் ஸ்விஸ் ரிப்பன்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தப் பாகுபாட்டைச் சரி என்றது. நிதிக் கடன்தாரர் தொடக்கத்திலிருந்தே நிறுவனத்தின் நிலையை ஆராய்பவர், மறுசீரமைப்பு பற்றி யோசிக்கத் தெரிந்தவர். மற்றவருக்குத் தம் பாக்கி மட்டுமே கவலை என்பது அதன் சாரம். பெரிய கம்பெனிகளுக்கு இது பொருந்தலாம். ஆனால் பின்னலாடைத் தெருவில் இந்த வாதம் நொண்டுகிறது. யாருக்கு ஆர்டர் இருக்கிறது, யார் போன மாதம் எந்திரத்தை விற்றார், யார் இரண்டு இடத்தில் நூல் மாற்றி வாங்குகிறார் என்பது வங்கி மேலாளருக்குத் தெரியும் முன்பே நூல் வியாபாரிக்குத் தெரிந்துவிடும். அந்த அறிவுக்குச் சட்டத்தில் நாற்காலி இல்லை.

மனு கொடுக்கும் உரிமை மட்டும் செயல்பாட்டுக் கடன்தாரருக்கு மிஞ்சியது. பத்து நாள் அவகாசத்தோடு கோரிக்கை நோட்டீஸ், பிறகு தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம். அங்கும் 2017இல் மொபிலாக்ஸ் தீர்ப்பு ஒரு வாசலைச் சுருக்கியது. நோட்டீசுக்கு முன்பே சரக்கின் தரம் பற்றி உண்மையான தகராறு இருந்தால் மனு நிற்காது. ஆகவே ‘சரக்கு சரியில்லை’ என்று ஒரு பழைய மின்னஞ்சல் கடனாளிக்குக் கவசமாகிறது. 2020 மார்ச் 24 அன்று குறைந்தபட்சப் பாக்கி ஒரு லட்சத்திலிருந்து ஒரு கோடியாக உயர்த்தப்பட்டது. பெருந்தொற்றுக் காலத்தில் சிறு கம்பெனிகளைக் காப்பதற்கென்று செய்த அந்த ஏற்பாடு, சிறு கடன்தாரர்களில் பெரும்பாலோரை வெளியே நிறுத்தியது.

இன்னொரு நீதிமன்றக் கதையும் இங்கே வரவேண்டும். சென்னைப் பொறியியல் கம்பெனி ஒன்று இரும்புச் சரக்கு வாங்கிக் கொடுத்த 51 காசோலைகள் திரும்பின. சரக்குக்காரர் காசோலை வழக்குப் போட்ட நிலையில் கம்பெனி நொடிப்பு நடைமுறைக்குள் போனது. அந்த நடைமுறையில் வழக்குகளுக்கு விதிக்கப்படும் தடைக்காலத்தில் கம்பெனிமீதான காசோலை வழக்கும் நிற்க வேண்டும், ஆனால் இயக்குநர்கள்மீது தொடரலாம் என்று 2021 மார்ச் 1 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே கணஷ்யாம் மிஸ்ரா வழக்கில், ஒப்புதலான மீட்புத் திட்டத்தில் இடம்பெறாத பாக்கி அத்தோடு அழிந்தது என்றும் சொன்னது. அறிவிப்பு வந்ததும் படிவம் ‘பி’யில் பில், டெலிவரி சலான், வங்கிக் கணக்கு எல்லாம் சேர்த்துக் கோரிக்கை அனுப்பாதவருக்குப் பின்னால் கதவே இல்லை. விற்ற சரக்குக்கு ஜி.எஸ்.டி. கட்டியாகிவிட்டது, பணம் வராவிட்டாலும் அந்த வரியைத் திருப்பிப் பெற வழியில்லை என்பது இதன்மேல் வருகிற செலவு.

ஆனால் இந்தப் புதிய சட்டம் முழுதாக வந்துவிட்டதாக நினைக்கக் கூடாது. தனிநபருக்கும் கூட்டாண்மைக்குமான அதன் மூன்றாம் பகுதி, 2019 டிசம்பர் முதல் கம்பெனிக் கடனுக்குத் தனிப்பட்ட உத்தரவாதம் கொடுத்தவர்களுக்கு மட்டுமே நடைமுறையில் உள்ளது. 1909, 1920 சட்டங்களை நீக்கும் பிரிவு எழுதப்பட்டும் செயலுக்கு வரவில்லை. விளைவாக, ஒரே வாரத்தில் ஒரே நூலை இரண்டு பேருக்குக் கடனாகக் கொடுத்த வியாபாரிக்கு இரண்டு சட்டங்கள். வாங்கியவரின் பில்புத்தகத்தில் ‘பிரைவேட் லிமிடெட்’ என்றிருந்தால் தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம், வாக்கில்லாத கடன்தாரர், கடைசிப் படி. தனி உரிமையாளர் பெயர் மட்டும் இருந்தால் மாவட்ட நீதிமன்றம், அஃபிஷியல் ரிசீவர், பதிவுத் தபாலில் போகிற உறுதிமொழிப் பத்திரம், பணம் கொடுத்தவரோடு சம பங்கு, உடன்பாட்டில் ஒரு வாக்கு. சரக்கு ஏற்றும் முன் வியாபாரிகள் ஜி.எஸ்.டி. எண்ணைச் சரிபார்க்கிறார்கள், பார்ட்டி கம்பெனியா, தனி ஆளா என்பதும் அதே திரையில்தான் தெரிகிறது.