கணிப்பொறியின் முதல் வாசற்படி



கணிப்பொறியை முடுக்கியதும் திரையில் ஒரு சின்னமும் அதன் அடியில் ஒரு வரியும் தோன்றி மறைவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். அமைப்புகளுக்குள் நுழைய இன்ன விசையை அழுத்துக என்று அந்த வரி சொல்லும். அது தோன்றுகிற நேரத்தில் விசையை அழுத்தினால் உள்ளே போகலாம். தவறினால் போக முடியாது. இயந்திரம் எந்த வட்டிலிருந்து தன் பாடத்தைப் படிக்க வேண்டும், நாள் என்ன, நேரம் என்ன, எந்த உறுப்பு இயங்கலாம், எது கூடாது என்பவை எல்லாம் அங்கேதான் முடிவாகின்றன. இந்த வாசல் எப்படி உண்டாயிற்று, ஏன் சில வேளைகளில் திறக்க மறுக்கிறது என்பதை இன்று பார்ப்போம். இந்தக் கதையில் நம் பினாங்குக்கும் ஒரு பங்கு உண்டு.

1969ஆம் ஆண்டில் பினாங்கு தன் தீர்வையற்ற துறைமுகத் தகுதியை இழந்தது. ஜார்ஜ்டவுன் வணிகம் படுத்தது. இளைஞர்கள் வேலையின்றித் திரிந்தார்கள். அதே ஆண்டில் முதலமைச்சரான டாக்டர் லிம் சோங் இயூ, வெளிநாட்டு மின்னணு நிறுவனங்களை அழைத்து வருவதில் முனைந்தார். பினாங்கு மேம்பாட்டுக் கழகம் நிறுவப்பட்டது. 1971இல் தடையற்ற வணிக மண்டலச் சட்டம் வந்தது. 1972இல் பாயான் லெப்பாஸில், நெல்வயலாய் இருந்த நிலத்தில், அமெரிக்காவின் இன்டெல் நிறுவனம் தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கியது. 1975ஆம் ஆண்டு மே மாதத்தில் அந்த ஆலை தீக்கிரையாயிற்று. ஆலையை மூடிவிட்டுப் போய்விடுவார்கள் என்று அஞ்சியவர்கள் உண்டு. ஆனால் அவர்கள் திரும்பக் கட்டினார்கள்.

அங்கே வேலைக்கு எடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். உருப்பெருக்கியில் கண்ணை வைத்து, தலைமயிரைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லின் விளிம்பில் ஒட்டுவது அவர்கள் வேலை. மலாய்ப் பெண்களும் சீனப் பெண்களும் இருந்தார்கள்; தோட்டப்புறத்து நம் பெண்களும் இருந்தார்கள். 1985இல் பாலம் திறக்கப்படும் வரை பெருநிலத்தில் இருந்தவர்கள் விடியுமுன் எழுந்து, பஸ் ஏறி, படகு ஏறி, மறுபடியும் பஸ் ஏற வேண்டும். சில ஆண்டுகளில் கண் மங்கிப்போய் வேலையை விட்டவர்களை நாம் அறிவோம். எங்கள் தாய்மார் தலைமுறை அது. அவர்கள் ஒட்டிய சில்லு எதற்குப் பயன்படும் என்று எவரும் அவர்களுக்குச் சொன்னதில்லை.

இனி வாசலின் கதை. 1970களின் நடுவில் கேரி கில்டால் என்ற அமெரிக்கர் சிறு கணிப்பொறிகளுக்கென ஓர் இயக்கமுறையை எழுதினார். ஒவ்வொரு நிறுவனத்தின் இயந்திரமும் ஒவ்வொரு விதமாக இருந்தபடியால், இயந்திரத்தோடு நேரடியாகப் பேசும் பகுதியை மட்டும் தனியே பிரித்து வைத்தார். அதற்கு அவர் இட்ட பெயர்தான் பயாஸ். அடிப்படை உள்ளீடு வெளியீட்டு முறை என்பது அதன் பொருள். 1981ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனிக் கணிப்பொறியை வெளியிட்டபோது, அதன் மூளையாக இன்டெல் 8088 சில்லு அமைந்தது. பயாஸ் 8 கிலோபைட் அளவில் அழியா நினைவகச் சில்லு ஒன்றில் பதிக்கப்பட்டிருந்தது. இன்று நாம் கைப்பேசியில் எடுக்கும் ஒரு படத்துக்குக்கூட அந்த இடம் போதாது.

அந்த இயந்திரத்தில் நுழைவதற்கு அமைப்புத் திரை என்று ஒன்றுமில்லை. மூடியைக் கழற்றி, தாய்ப்பலகையில் இருந்த சின்னஞ்சிறு பொத்தான்களைப் பேனா முனையால் மேலும் கீழும் தள்ள வேண்டும். நினைவகம் எவ்வளவு, வட்டு இயக்கிகள் எத்தனை என்பதை அந்தப் பொத்தான்கள்தாம் சொல்லும். 1984இல் வந்த ஏ.டி. என்ற இயந்திரத்தில் இந்த முறை மாறியது. ஒரு கடிகாரச் சில்லும், அதனுள் 64 பைட்டு நினைவும், அதை உயிரோடு வைத்திருக்க ஒரு மின்கலமும் சேர்க்கப்பட்டன. மின்சாரம் நின்றாலும் அமைப்புகள் மறவாதிருக்க இந்த ஏற்பாடு. ஆனால் அவற்றை மாற்றும் நிரல் இயந்திரத்துக்குள் இல்லை; ஒரு நெகிழ்வட்டில் தனியாகத் தந்தார்கள். மின்கலம் செத்து, நெகிழ்வட்டும் தொலைந்துவிட்டால் உரிமையாளர் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

இதற்கிடையே காம்பேக் நிறுவனத்தார் ஐ.பி.எம். பயாஸைப் படி எடுக்காமல், அதன் செயலை மட்டும் அறிந்துகொண்டு புதிதாக ஒன்றை எழுதிவிட்டார்கள். பீனிக்ஸ் நிறுவனம் 1984இல் அவ்வாறே எழுதிய பயாஸை எவரும் வாங்கலாம் என்று விற்கத் தொடங்கியது. பின்னர் அவார்டு, ஏ.எம்.ஐ. ஆகியவை வந்தன. அமைப்பு நிரலையும் அவர்கள் சில்லுக்குள்ளேயே வைத்தார்கள். அதிலிருந்துதான் விசைக் குழப்பம் பிறந்தது: ஒருவருக்கு டெல், இன்னொருவருக்கு எஃப் 2, காம்பேக்குக்கு எஃப் 10. ஊருக்கு ஒரு வழக்கம் என்பது போல.

நாம் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்ற நாளில் இது ஒரு சிரமமே அல்ல. முடுக்கினால் இயந்திரம் தன் நினைவகத்தை எண்ணி முடிக்கவே நெடுநேரம் ஆகும். டெல் விசையை அழுத்தும் முன் ஒருவாய் தேநீர் குடிக்கலாம். இன்று அந்த அவகாசம் போய்விட்டது. பழைய பயாஸ் 16 பிட்டு முறையில், ஒரு மெகாபைட் இடத்துக்குள் இயங்கியது. இரண்டு டெராபைட்டுக்கு மேற்பட்ட வட்டிலிருந்து இயக்கமுறையைத் தொடங்கவும் அது உதவவில்லை. ஆகவே இன்டெல் 1990களில் புதிய முறை ஒன்றை வகுத்தது. 2005இல் பல நிறுவனங்கள் சேர்ந்து அதனைப் பொது முறையாக்கின. யுஇஎஃப்ஐ என்பது அதன் பெயர். 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது, விசையை அழுத்தக் கிடைக்கும் நேரம் ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு என்று மைக்ரோசாஃப்டு நிறுவனத்தாரே ஒப்புக்கொண்டார்கள். மனித விரலுக்கு எட்டாத வேகம் அது. அதனால் விண்டோஸுக்குள்ளேயே ஒரு பக்கவாசல் வைத்தார்கள்: ஷிப்ட் விசையை அழுத்தியபடி 'ரீஸ்டார்ட்' கொடுத்தால், வரும் பட்டியலின் வழியாக அமைப்புகளுக்குள் போகலாம். விண்டோஸ் நலமாக இருக்கும் வரைக்கும் இது நல்ல வழி.

எங்கள் பள்ளி செபராங் பிறையில் ஒரு தோட்டத்தில் இருக்கிறது. 2017ஆம் ஆண்டு நவம்பர் தொடக்கத்தில் வந்த வெள்ளத்தில் பழைய மாணவர் சேர்க்கைப் பதிவேடுகள் நனைந்து கூழாகிவிட்டன. நல்வேளையாக அதற்கு முன்பே அவற்றைப் படமெடுத்து அலுவலகக் கணிப்பொறியில் வைத்திருந்தோம். வேறு படி எடுக்கவில்லை. அது எங்கள் பிழை. சில ஆண்டுகள் கழித்து ஒரு பாட்டி வந்தார். இங்கேயே பிறந்து, இன்னும் சிவப்பு அடையாளக் கார்டோடு இருப்பவர். "நான் இந்தப் பள்ளிக்கூடத்துலதான் படிச்சேன், அதுக்கு ஒரு கடுதாசி குடுங்க சார்" என்றார். கணிப்பொறியை முடுக்கினோம். விண்டோஸ் பாதி வந்து, வட்டம் சுற்றிச் சுற்றி நின்றுவிட்டது. பென் டிரைவிலிருந்து தொடக்கிப் படங்களை எடுக்கலாம் என்றால், அதற்கான அமைப்புக்குள் நுழைய முடியவில்லை. டெல் விசையை எத்தனை முறை அழுத்தினாலும் பயனில்லை. பழுது பார்க்கும் கடையொன்றில் தாய்ப்பலகையையும் வட்டையும் மாற்றச் சொன்னார்கள். அந்த வட்டில்தானே எல்லாம் இருந்தது!

அப்போதுதான் நாம் ஒவ்வொன்றாகச் சோதிக்கத் தொடங்கினோம். விசைப்பலகை விழித்திருக்கிறதா? முடுக்கியவுடன் நம்லாக் விசையைத் தட்டினால் விளக்கு எரிய வேண்டும். எங்களுடையது கம்பியில்லாத விசைப்பலகை, விளக்கே இல்லை. கம்பியுள்ள ஒன்றை இரவல் வாங்கிப் பின்புறத் துளையில் செருகினோம். விண்டோஸ் வட்டம் சுற்றும்போது விளக்கு எரிந்தது, அதற்குமுன் எரியவில்லை. ஆக, விரைவுத் தொடக்கம் என்ற அமைப்பு யுஎஸ்பி துளைகளைத் தொடக்கத்தில் உறங்க வைத்திருந்தது. அந்த அமைப்பை நிறுத்தலாம் என்றால் உள்ளே நுழைய வேண்டும். உள்ளே நுழைய விசைப்பலகை வேண்டும். சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திய கதைதான். (சில இடங்களில் விசைப்பலகை சரியாகவே இருக்கும், கணிப்பொறி அமைப்புத் திரையைக் காட்டிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் திரைக்கம்பியைத் தவறான துளையில் செருகியதாலோ திரை தாமதமாக விழிப்பதாலோ நமக்குத் தெரியாது. அதையும் பார்த்துவிட வேண்டும்.) விண்டோஸ் தொடங்கும்போது மூன்று முறை மின்சாரத்தைத் துண்டித்தால் மீட்புப் பட்டியல் வரும் என்பார்கள். நோயுற்ற வட்டை அப்படி வதைப்பது நல்லதல்ல. பயந்துகொண்டே செய்து பார்த்தோம், அதுவும் வரவில்லை.

மிஞ்சியது 1984இன் அந்த மின்கலம். மின்கம்பியைப் பிடுங்கினோம். முடுக்கும் பொத்தானைச் சில நொடி அழுத்தி எஞ்சிய மின்னைப் போக்கினோம். உலோகப் பெட்டியைத் தொட்டு உடம்பின் நிலைமின்னையும் நீக்கிக்கொண்டு, தாய்ப்பலகையில் பொத்தான் போலிருந்த சிஆர் 2032 மின்கலத்தை எடுத்தோம். ஐந்து நிமிடம் கழித்துப் புதியது ஒன்றைப் போட்டோம். விலை சில வெள்ளிகள்தாம். பழைய கலம் இருக்கும்போதே துள்ளிணைப்பு ஒன்றைக் குறுக்கே மாட்டியும் இதைச் செய்யலாம். கைநூலில் இடம் காட்டியிருக்கும். எல்லா இயந்திரத்திலும் இது பலிக்காது. அலுவலகங்களுக்கென்று செய்யப்பட்ட சிலவற்றில் கடவுச்சொல் வேறு சில்லில் இருக்கும், கலத்தை எடுத்தாலும் போகாது. வட்டு பூட்டப்பட்டிருந்தால் அதன் மீட்பு எண் கையில் இல்லாமல் இதில் இறங்கவே கூடாது. வட்டு இயங்கும் முறையும் தொடக்க நிலைக்குத் திரும்பி, விண்டோஸ் தொடங்காமல் போகலாம். எங்கள் விண்டோஸோ ஏற்கெனவே நின்றுபோனது.

முடுக்கியதும் நம்லாக் விளக்கு எரிந்தது. டெல் விசையை விடாமல் தட்டினோம். அமைப்புத் திரை வந்தது. நாளைக் காட்டும் இடத்தில் 2012 ஜனவரி 1 என்றிருந்தது. வரிசையில் பென் டிரைவை முதலாவதாக வைத்து, பதிந்துவிட்டு வெளியே வந்தோம். படங்களை எடுக்கப் பிற்பகல் முழுதும் ஆயிற்று. வட்டு ஒவ்வொரு கோப்புக்கும் முனகியது. இருநூற்றுச் சொச்சம் பக்கங்களில் பதினொன்று திறக்கவில்லை. பாட்டியின் பெயர் இருந்த பக்கம் திறந்தது. தந்தையார் பெயர், தொழில் 'பால்மரம்', சேர்ந்த நாள், எல்லாம் பழைய தலைமையாசிரியரின் சாய்ந்த கையெழுத்தில். அச்சடித்து, முத்திரை வைத்து, மூன்று படிகளாகக் கொடுத்தோம். அவர் விண்ணப்பம் இன்னும் முடிவாகவில்லை.

மறுவாரம் புது வட்டு மாட்டியபோது, சூடு தணிக்கும் விசிறியையும் கழற்றித் துடைத்தோம். ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி உடனிருந்தாள். காய்ந்த பசையைத் துணியால் ஒற்றியெடுத்ததும், இன்டெல் சில்லின் முதுகில் பொடி எழுத்துகள் தெரிந்தன. கடைசி வரியை அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள்: மலாய். "இது நம்ம நாட்டுல செஞ்சதா, சார்?" என்று கேட்டாள். அவளுடைய பாட்டி பாயான் லெப்பாஸில் கம்பி ஒட்டிய கதையை அவளிடம் சொல்லத் தொடங்கினோம், மணி அடித்துவிட்டது.