மின்கலம் இல்லாத வானொலி: வன்னி முன்பே படித்த பாடம்

தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே ஆக்கிக்கொள்ளும் கருவிகளைப் பற்றி உலகின் ஆய்வுகூடங்கள் இன்று பெரிதும் பேசுகின்றன. ஓரணுத் தடிப்புள்ள தாள்களால் ஆன, வளையக்கூடிய, ஒளியை உணரும் நுண்கருவிகள் அவை. விஞ்ஞானம் புதிது. ஆனால் அதன் பின்னுள்ள தேவையைக் கிளிநொச்சி, முல்லைத்தீவு மக்கள் தொண்ணூறுகளிலேயே அனுபவித்து அறிந்தவர்கள்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதோடு வடக்கிற்கான மின்சாரம் நின்றது. அரசின் பொருளாதாரத் தடைப் பட்டியலில் எரிபொருளோடு டோர்ச் பற்றரியும் இடம்பெற்றது. வவுனியா நகரில் மின்விளக்கு எரிந்தது. தாண்டிக்குளம் தாண்டினால் ஜாம் போத்தல் விளக்குத்தான். 2002இல் தடை நீங்கும்வரை ஏறத்தாழ 12 ஆண்டுகள் இந்நிலை நீடித்தது.

இருளைக்கூடச் சகித்துக்கொள்ளலாம். எறிகணை எங்கே விழுகிறது, எந்தப் பாதை மூடப்பட்டது என்று அறியாதிருப்பதை எப்படிச் சகிப்பது? 1995, 1996ஆம் ஆண்டுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தோருக்குச் செய்தி என்பது உயிரோடு சம்பந்தப்பட்ட பொருள். பிபிசி தமிழோசையையும் வெரித்தாஸையும் கேட்க வானொலிப் பெட்டி இருந்தது, பற்றரி இல்லை. பழைய பற்றரிகளை வெயிலில் காயவைத்துப் பார்த்தும் கட்டுப்படியாகாத நிலையில், மக்களின் கண் சைக்கிள் டைனமோ மீது விழுந்தது.

சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி ஒருவர் மிதிப்பார், சுற்றியிருப்பவர்கள் கேட்பார்கள். பரடே 1831இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே இதன் அடிப்படை. டைனமோ தருவது ஏறத்தாழ 6 வோல்ட், 3 வாற் அளவான ஆடலோட்டம். அதை ஒரு டயோட் வழியாக நேரோட்டமாக்கி, ஒரு கொள்ளளவியால் சீராக்கினால் வானொலி பேசும். மிதிப்பவர் களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் தளர்ந்துவிடும்!

பற்றரியின்றி ஒளியை அளந்த கருவியும் பத்திரிகைத்துறைக்குப் பழக்கமானதே. 1965இல் சோவியத் நாட்டில் வெளிவந்த செனித்-ஈ கமெராவின் ஒளிமானி செலீனியத்தால் இயங்கியது. விழும் ஒளியே மின்னோட்டமாகி முள்ளை அசைத்தது.

இந்த இரண்டு வழிகளும், அதாவது அசைவிலிருந்து மின்சாரம், ஒளியிலிருந்து மின்சாரம் என்பன, இன்றைய இருபரிமாணப் பொருட்களில் மறுபிறவி எடுத்துள்ளன. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் அந்திரே கைம், கான்ஸ்டன்டின் நோவோசெலோவ் ஆகிய இருவரும் ஒட்டுநாடாவால் காரீயத்தை உரித்து உரித்து ஓரணுத் தடிப்புள்ள கிராபீனைப் பிரித்தெடுத்து, 2004இல் உலகுக்கு அறிவித்தனர். 2010இல் நோபல் பரிசு பெற்றனர். மொலிப்டினம் இருசல்பைட்டு போன்ற வேறு படலங்களும் பின்னர் ஆராயப்பட்டன. தன்மை வேறுபட்ட இரு படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், சந்திப்பில் இயல்பாகவே ஒரு மின்புலம் உருவாகிறது. ஒளி பட்டு எழும் மின்னேற்றங்களை அப்புலம் பிரித்தனுப்ப, வெளி மின்கலமின்றியே ஓட்டம் பிறக்கிறது. மிக மெல்லியதாகையால் துணியிலும் தோலிலும் ஒட்டி வளையும்.

வளைத்தலும் மின்சாரம் தரும். 2014இல் மொலிப்டினம் இருசல்பைட்டின் ஒற்றைப் படலத்தை ஆய்வாளர்கள் வளைத்தபோது, அது 15 மில்லிவோல்ட் தந்தது. வன்னியின் டைனமோ இதைப்போல் 400 மடங்கு வோல்ட்டளவு தந்தது என்பதை நினைவிற் கொள்க. ஓட்டமோ மிக மிகச் சொற்பம். வானொலி அல்ல, ஒரு நுண்ணுணரியே இதன் இப்போதைய எல்லை.

இலங்கையின் போகல, கஹட்டகஹ சுரங்கங்களின் காரீயம் தூய்மைக்குப் பேர்போனது. கிராபீனின் தாய்ப்பொருள் இந்த நாட்டு மண்ணிலேயே கிடக்கிறது. டைனமோ சுழன்ற கிளிநொச்சியின் அறிவியல்நகரில் இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இயங்குகிறது. அங்கு பயிலும் இளைஞர் பலர் தடைக்காலத்தை அறியார்.

டைனமோவைப் புகழ்ந்து பாடுவது என் நோக்கமன்று. பற்றரி கிடைத்திருந்தால் எவரும் மணிக்கணக்கில் மிதித்திருக்க மாட்டார்கள். ஆயினும், சக்தியை வெளியிலிருந்து பெறுபவனின் காதையும் கண்ணையும் ஒரு சோதனைச்சாவடியால் மூடிவிட முடியும் என்பதற்கு வன்னி சாட்சி. தற்சக்திக் கருவிகளின் வரலாற்றை யாரேனும் எழுதினால், அதில் அந்த மிதிவண்டிகளுக்கும் ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும். அவற்றை மிதித்தவர்கள் உள்ளபோதே அதைப் பதிவுசெய்துவிடுவது நமது கடமை.