அரசாணையில் மறைந்த ஒரு கிலோமீட்டர்

ராயக்கோட்டைப் பக்கம் கல்குவாரிக்கும் யானைக்கும் நடுவே சட்டம் எவ்வளவு தூரம் விடச் சொல்கிறது? நான் தேடப் போனது இதைத்தான். ஆனால் இந்த ஊரின் காகிதங்கள் ஒரே இடத்தில் தங்கியதில்லை. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் கும்பினி வசமான கோட்டை இது. பிறகு சேலம் மாவட்டம், 1965 முதல் தர்மபுரி, 2004 முதல் கிருஷ்ணகிரி. காட்டுப் பதிவுகளும் கூடவே இடம்பெயர்ந்திருக்கின்றன.

தொடக்கம் 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம். ஒரு நிலம் காப்புக்காடு ஆவதற்கு 4-ஆம் பிரிவில் அறிவிக்கை, 6-ஆம் பிரிவில் ஊராருக்குப் பிரகடனம். மேய்ச்சல், வழி, தண்ணீர் என்று உரிமை கோரி வருவோரை ஓர் அதிகாரி விசாரித்த பிறகுதான் 16-ஆம் பிரிவில் காப்புக்காடு என்ற இறுதி அறிவிக்கை. யானைக்கு இந்த நடைமுறையில் இடமில்லை. அதைக் காக்க 1873-லேயே மாகாணம் தனிச்சட்டம் போட்டிருந்தது. ஆக, காடு ஓர் அலமாரியில், யானை வேறொன்றில்.

கல்லின் அலமாரி மூன்றாவது: 1959-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள். தடயம் அதன் 36-ஆம் விதியில் இருந்தது. 3.11.2021 நாளிட்ட அரசாணை எண் 295, தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம், யானை வழித்தடம், காப்புக்காடு ஆகியவற்றிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் குவாரி கூடாது என்றது. 14.12.2022 நாளிட்ட அரசாணை எண் 243-ஐப் பக்கத்தில் வைத்துப் படித்தால் பட்டியல் அப்படியே இருக்கிறது, காப்புக்காட்டைத் தவிர. அரசு சொன்ன காரணம் வருவாய் இழப்பு. அதற்கு முந்தைய மாதம்தான் காவிரி தெற்கு வனஉயிரினச் சரணாலயத்தை இதே அரசு 686 சதுர கிலோமீட்டரில் அறிவித்துப் பாராட்டும் வாங்கியிருந்தது!

சரணாலயம் இருக்க, காப்புக்காட்டுக்கு ஏன் இந்தக் கவலை? யானையின் நடையைப் பாருங்கள். ராகி முற்றும் பருவத்தில் பன்னேர்கட்டா பக்கமிருந்து ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டை என்று கூட்டங்கள் இறங்கும். சில சானமாவு வரை வரும். ஓசூர்–ராயக்கோட்டைப் பக்கத்துச் சிறிய காப்புக்காடான சானமாவு எந்தச் சரணாலயத்திலும் சேர்ந்ததல்ல. 1980-களில் ஓசூர், தர்மபுரிக் காடுகளிலிருந்து கிளம்பிய யானைகள் சித்தூர் வரை போய்த் தங்கிவிட்டன. அவற்றுக்காகவே ஆந்திரம் 1990-ல் கௌண்டின்யா சரணாலயத்தை அறிவித்தது. சரணாலயங்களை ஒட்டிச் சுரங்கம் கூடாது என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மீண்டும் உறுதி செய்ததும் சரி. அது சானமாவுக்கு உதவாது. வழித்தடங்களுக்கு விதியில் இன்னும் பாதுகாப்பு உண்டு. 2023-இல் மத்திய அரசின் அறிக்கை நாடெங்கும் 150 வழித்தடங்களைப் பட்டியலிட்டது. ஆனால் அறுவடையைப் பார்த்துத் தடம் மாற்றுகிற கூட்டத்தை ஒரு வரைபடக் கோட்டுக்குள் நிறுத்துவது சுலபமில்லை.

இதை யானைக்கும் ஊருக்குமான சண்டையாகச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. ராகி அழிந்தவர் நிவாரணத்துக்கு வனத்துறைக்கு மனு போடுகிறார். அதே ஊரில் குவாரிக் குத்தகை கனிமவளத் துறைக் கோப்பில் ஓடுகிறது. சுற்றுச்சூழல் அனுமதி சென்னையில். கல் உடைப்பவருக்கும் லாரி ஓட்டுபவருக்கும் அதுதான் பிழைப்பு, மறுக்க முடியாது. பாதிக்கப்படும் ஊருக்குச் செலவிட மாவட்டக் கனிம அறக்கட்டளை என்று ஒன்றும் இருக்கிறது. ஆனால் ஐந்து ஹெக்டேருக்கு உட்பட்ட தனிக் குவாரிக்குப் பொதுவாக மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் கிடையாது. அருகருகே பல குவாரிகள் சேர்ந்து அந்த அளவைத் தாண்டினால்தான் உண்டு. வெள்ளைக்காரன் சட்டம் பெயருக்காவது ஊராரைக் கேட்டது.

முழுத்தடை வேண்டும் என்று நான் வாதாடவில்லை. யானை வரும் மாதங்களில் மாலைக்குப் பிறகு வெடி வைக்கக் கூடாது என்று குத்தகையிலேயே ஒரு நிபந்தனை எழுதலாம். கூட்டம் எங்கே நிற்கிறது என்பதை வனப் பணியாளர்கள் பின்தொடர்ந்து ஊருக்குச் சொல்லிவருகிறார்கள். வெடிமருந்துக் கணக்கைக் குவாரிக்காரர் எழுதியாக வேண்டும். இரண்டையும் தேதிவாரியாகப் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு இரண்டு அலுவலகங்களுக்கும் தனித்தனியே மனு எழுதியிருக்கிறேன்.