நந்தகுமார் சேகர்

இந்தியக் கால்பந்து வீரர், விங்கர். சென்னையில் 1995 டிசம்பர் 20 அன்று பிறந்தவர். சென்னை சிட்டி அணிக்கு ஆடிவிட்டு 2017-இல் டெல்லி டைனமோஸில் சேர்ந்தார். அந்த அணி 2019-இல் புவனேசுவரத்துக்கு இடம்பெயர்ந்து ஒடிசா எஃப்சி ஆனபோதும் அதிலேயே தொடர்ந்தார். ஒடிசாவுடன் 2023 சூப்பர் கோப்பையை வென்றார். இந்திய அணிக்கும் அவ்வாண்டே அறிமுகம்.

அவர் பெயர் ஊரெங்கும் பரவியது அதன்பின் சேர்ந்த ஈஸ்ட் பெங்கால் அணியில்தான். 2023 ஆகஸ்ட் 12, டூரண்ட் கோப்பை, சால்ட் லேக் மைதானம்: வலப்பக்கத்திலிருந்து உள்ளே வெட்டி, இடக்காலால் அவர் அடித்த ஒரே கோலில் மோகன் பகான் வீழ்ந்தது. கொல்கத்தாவின் இவ்விரு அணிகளும் மோதும் பெரும்போட்டியில் ஈஸ்ட் பெங்கால் வென்று நான்கரை ஆண்டுகள் ஆகியிருந்தன. அவருடைய ஆட்டவாழ்வின் உச்சம் இதுவே எனலாம். 2024 ஜனவரியில் சூப்பர் கோப்பை இறுதியாட்டத்தில் தம் பழைய அணியான ஒடிசாவுக்கு எதிராகச் சமன் கோலையும் அடித்தார். கூடுதல் நேரத்தில் ஈஸ்ட் பெங்கால் 3–2 என வென்றது.